நோய் மாறிய பிறகு

ஒருவருக்கு நோய் வந்துவிட்டால் நமது ஊர்களில் பார்க்கப் போகாமல் இருப்பவர் குறைவு. மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தவராக இருக்கலாம், டெங்குக் காய்ச்சலில் கிடந்து எழும்பியவராக இருக்கலாம், சத்திரசிகிச்சை செய்து வந்தவராக இருக்கலாம். ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலோ, இரண்டு மாரி பிஸ்கட் பக்கற்றோ, நாலைந்து தோடம்பழமோ எடுத்துக்கொண்டு போய் "இப்ப எப்படி? சுகமா?" என்று கேட்டுவிட்டு வருகிறோம். நோயாளியை விசாரிக்கப் போவது மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த கடமை. நமது தமிழ் அயலவர்களிடமும் இதே வழக்கம் உண்டு. ஆனால் மனநோய் வந்து, சில வாரங்கள் வார்ட்டில் இருந்து, தேறி வீடு திரும்பிய ஒருவரைப் பார்க்க நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

யாரையும் குற்றம் சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. மனநோயிலிருந்து மீள்வது பற்றி உலகின் பல இடங்களில் நடந்த ஆய்வுகளை வாசித்துக்கொண்டு போனபோது, அவற்றில் பல கடைசியில் வந்து நிற்கும் இடம் இந்தக் கேள்வியாகவே இருந்தது. மருந்தும் வைத்தியரும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அவர்களால் செய்ய முடியாத வேலை ஒன்றும் இருக்கிறது. அந்த இரண்டாவது வேலை வீட்டாருடையது, அயலவருடையது, கடைக்காரருடையது, வகுப்புத் தோழிகளுடையது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மீட்சி என்றால் என்ன?

மனநோய் என்ற ஒரே சொல்லுக்குள் பல நோய்கள் இருக்கின்றன. மனச்சோர்வு, பதகளிப்பு, இருதுருவ நோய், ஸ்கிசோபிரீனியா எனப்படும் மனச்சிதைவு நோய் என்று அவை வேறுபடும். இவற்றுள் ஊரார் மிகவும் பயப்படுவது மனச்சிதைவுக்குத்தான். இல்லாத குரல்கள் காதில் கேட்பது, யாரோ தனக்குத் தீங்கு செய்யப் பார்க்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது, பேச்சும் சிந்தனையும் தொடர்பறுந்து போவது, ஒன்றிலும் நாட்டம் இல்லாமல் ஒதுங்கிக் கிடப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். உலகில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெரும்பாலும் இளவயதில், படிப்பும் தொழிலும் கல்யாணமும் தொடங்கும் பருவத்தில் இது தலைகாட்டுகிறது.

மீட்சி என்ற சொல்லை ஆய்வாளர்கள் இரண்டு பொருளில் பயன்படுத்துகிறார்கள். குரல்கள் நின்றுவிட்டனவா, நித்திரை சீரானதா, மருந்து வேலை செய்கிறதா என்று வைத்தியர் அளந்து பார்ப்பது முதலாவது. நோயின் சில அறிகுறிகள் மிஞ்சியிருந்தாலும், தனக்கென்று ஒரு வாழ்க்கை, ஒரு வேலை, பேசிச் சிரிக்க நாலு பேர், நாளைக்கு என்று ஒரு திட்டம் ஆகியவற்றோடு அவர் வாழ்கிறாரா என்று பார்ப்பது இரண்டாவது. சீனி வருத்தம் உள்ளவர் முழுமையாகக் குணமாகாமலே மருந்தோடு கடை நடத்துகிறார், வயல் பார்க்கிறார், பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். அவரை நாம் நோயாளி என்று ஒதுக்கி வைப்பதில்லை. மனநோய் வந்தவருக்கும் அப்படியொரு வாழ்க்கை இருக்க முடியுமா என்பதே இரண்டாவது பொருளில் மீட்சி.

"இனித் தேறமாட்டார்" என்று எழுதப்பட்டவர்கள்

மனச்சிதைவு வந்தால் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போகும், மீட்சி இல்லை என்று வைத்தியர்களே நம்பிய ஒரு காலம் இருந்தது. அந்த நம்பிக்கையை அசைத்த ஆய்வுகளில் ஒன்று அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்தில் நடந்தது. அங்குள்ள அரச மனநோய் வைத்தியசாலையில் பல ஆண்டுகளாகக் கிடந்த, தேறுவார்கள் என்ற எதிர்பார்ப்பு இல்லாத 269 பேரை 1950களின் நடுப்பகுதியில் ஒரு புனர்வாழ்வுத் திட்டத்தில் சேர்த்தார்கள். மருந்தோடு நிறுத்தாமல், வெளியே இருக்க ஒரு வீடு, செய்வதற்கு ஒரு வேலை, பழகுவதற்கு ஆட்கள் என்று ஒவ்வொன்றாக ஏற்படுத்திக் கொடுத்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து கோட்னி ஹார்டிங் என்ற பெண் ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்த 269 பேரையும் தேடிப் போனார்கள். 1987 இல் வெளியான முடிவு பலரைத் திகைக்க வைத்தது. அவர்களில் அரைவாசிக்கும் மூன்றில் இரண்டு பங்கிற்கும் இடைப்பட்டோர் மிகவும் தேறியோ முற்றாக மீண்டோ இருந்தார்கள்.

இதைவிட முக்கியமானது அடுத்த கட்டம். வெர்மொண்டுக்கு அருகே மேய்ன் என்ற மாநிலம் இருக்கிறது. அங்குள்ள வைத்தியசாலையிலும் அதே வகை நோயாளிகள் இருந்தார்கள். ஆனால் வெர்மொண்டில் இருந்ததைப் போன்ற புனர்வாழ்வுத் திட்டம் அங்கே இருக்கவில்லை. இரு இடத்தவரையும் வயது, நோய் என்று ஒப்புப் பார்த்து இணைத்து ஆராய்ந்தபோது, வெர்மொண்ட்காரர்களிடம் அறிகுறிகள் குறைவாகவும், தொழில் செய்பவர்கள் கூடுதலாகவும், சமூகத்தோடு ஒட்டி வாழும் தன்மை அதிகமாகவும் காணப்பட்டன. 1995 இல் இது வெளியானது. நோய் ஒன்றுதான். அவர்களைச் சுற்றி அமைத்துக் கொடுக்கப்பட்ட வாழ்க்கை வேறு.

அமெரிக்கக் கதை நமக்குப் பொருந்துமா என்று கேட்பவர்கள் சென்னையைப் பார்க்கலாம். இந்தியாவின் முதல் பெண் மனநல வைத்தியர் என்று அறியப்படும் டாக்டர் சாரதா மேனன் 1984 இல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கு பணியாற்றிய டாக்டர் தாராவும் மற்றவர்களும், 1980களின் தொடக்கத்தில் முதன்முதலாக இந்நோய் கண்ட 90 பேரைப் பத்து, இருபது ஆண்டுகள் என்று விடாமல் பின்தொடர்ந்தார்கள். பத்தாண்டு முடிவில் பெரும்பாலானோரின் அறிகுறிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. ஆண்களில் பலர் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். தமிழ் பேசும் ஒரு நகரத்தில், நம்மைப் போலச் சோறும் கறியும் உண்டு, கூட்டாக வாழும் குடும்பங்களுக்கு நடுவில் இந்த மீட்சி நடந்திருக்கிறது.

எல்லோரும் மீண்டுவிடுவார்கள் என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை. சிலருக்கு நோய் திரும்பத் திரும்ப வருகிறது. சிலருக்கு வாழ்நாள் முழுவதும் துணை தேவைப்படுகிறது. ஆனால் யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதி மூலையில் இருத்திவிடும் உரிமை நமக்கு இல்லை என்பதை அவை தெளிவாகக் காட்டுகின்றன.

சங்கிலி

ஒதுக்கி வைப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, கடலுக்கு அப்பால் நமக்குத் தெரிந்த ஓர் ஊரே சாட்சி. தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள ஏர்வாடி தர்காவைப் பற்றி நமது மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். மனநோயாளிகளை அங்கே கொண்டுபோய் விட்டால் குணமாகும் என்ற நம்பிக்கையில் முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வருவார்கள். நாட்கணக்கில், மாதக்கணக்கில் தங்க வேண்டியிருந்ததால் தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. ஓடிப்போகாமல் இருக்க நோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்தார்கள். 2001 ஓகஸ்ட் 6 ஆம் திகதி அதிகாலையில் அப்படியொரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. காலில் சங்கிலி இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தார்கள்.

அந்த 28 பேரையும் அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர். பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும்தான். ஊரில் வைத்தியம் இல்லை, பணம் இல்லை, அயலவரின் பார்வையைத் தாங்க முடியவில்லை, வேறு வழி தெரியவில்லை. ஒரு குடும்பத்தை அந்த நிலைக்குத் தள்ளியதில் அந்த அயலுக்கும் பங்கிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

தீ விபத்தின் பின் இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னர் தமிழ்நாட்டு அரசு ஏர்வாடியில் தர்கா நிர்வாகத்தோடு சேர்ந்து 'தவா-துஆ' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. தவா என்றால் மருந்து, துஆ என்றால் பிரார்த்தனை. துஆக் கேட்க வருபவர்களைத் தடுக்காமல், அதே இடத்தில் மனநல வைத்தியரும் மருந்தும் கிடைக்க வழிசெய்தார்கள். 2017 இல் இந்தியா நிறைவேற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிகளைச் சங்கிலியிடுவதை முற்றாகத் தடைசெய்தது. சமூகத்தின் நடுவில் வாழ்வது அவர்களின் உரிமை என்றும் அது எழுதிவைத்தது.

மருந்தா துஆவா என்ற போட்டி நமது வரலாற்றில் இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நோயைப் போலவே உள்ளத்துக்கும் நோய் வரும், அதற்கும் பரிகாரம் உண்டு என்று தமது நூலில் எழுதினார். 1284 இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று தனிப்பகுதி இருந்தது.

மீண்டும் ஒரு வீடு

சென்னையில் 1993 இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு இளம்பெண்கள் 'தி பான்யன்' என்ற அமைப்பை ஆரம்பித்தார்கள். தெருவில் அலைந்து திரிந்த, மனநோயால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு அடைக்கலம் கொடுப்பதே அவர்களின் முதல் வேலை. சிகிச்சை பெற்றுத் தேறிய பலரை அவர்களின் வீடுகளுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் ஒரு பகுதியினருக்குப் போக வீடு இல்லை. வீடு இருந்தும் ஏற்க ஆளில்லாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் விடுதியிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிப்போனார்கள்.

2015 இல் இவர்களுக்காக 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டம் தொடங்கியது. செய்தது இவ்வளவுதான். சாதாரணமான ஒரு தெருவில் சாதாரணமான ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, நாலைந்து பெண்களை ஒரு குடும்பம் போல அங்கே குடியமர்த்தினார்கள். உதவிக்கு ஒரு பணியாளரும் இருந்தார். இன்றைக்கு என்ன கறி என்பதை அவர்களே முடிவெடுத்தார்கள். சந்தைக்குப் போனார்கள். பக்கத்து வீட்டில் மிளகாய்த்தூள் இரவல் வாங்கினார்கள். விடுதியிலேயே இருந்தவர்களோடு ஒப்பிட்டு அளந்தபோது, வீட்டில் குடியேறியவர்கள் சமூகத்தோடு கலந்து வாழ்வதில் தெளிவான முன்னேற்றம் கண்டிருந்தார்கள்.

இதை வாசித்தபோது எனக்குள் எழுந்த கேள்வி ஒன்று: ஒரு வீட்டில் என்ன கறி சமைப்பது என்று கேட்கப்படும் ஆளாக இருப்பது இவ்வளவு பெரிய விடயமா? நம்மிடம் அதைத் தினமும் கேட்பதால் அதன் பெறுமதி நமக்குத் தெரிவதில்லை போலும்.

திருக்கோவிலில் ஒரு கடை

திருக்கோவிலில் வாப்பாவுக்குச் சிறிய பிடவைக் கடை ஒன்று இருக்கிறது. அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் பஸ்ஸில் ஏறினால் தம்பிலுவில் தாண்டியதும் இறங்க வேண்டும். பாடசாலை விடுமுறையில் நானும் அங்கே போய் இருப்பதுண்டு. அந்தக் கடையில் ஓர் அண்ணன் வேலை செய்கிறார். திருக்கோவிலைச் சேர்ந்தவர். இருபத்திரண்டு வயதில் அவருக்கு மனச்சிதைவு வந்தது. இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதுங்க தங்கச்சி, பேர மட்டும் போடாதீங்க" என்றார்.

நோய் அடங்கி வந்த பிறகும் இரண்டு வருடங்கள் அவர் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தார். முதலில் நன்றாகச் சுகமாகட்டும், பிறகு வேலை பார்க்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். வாப்பாவுக்கு அவருடைய தகப்பனைப் பழக்கம். "காலையில ரெண்டு மணித்தியாலம் மட்டும் வந்து துணி மடிச்சு வைக்கட்டும்" என்று கேட்டிருக்கிறார். அப்படித் தொடங்கியது. பிறகு துணி அளந்து வெட்டினார். இப்போது கணக்குக் கொப்பியும் அவர் கையில். கிளினிக் நாளில் அவருக்கு லீவு. மருந்தின் அசதியால் காலையில் எழும்பப் பிந்துவதால், மற்றவர்கள் எட்டு மணிக்கு வந்தால் அவர் ஒன்பதரைக்கு வருவார்.

ஆரம்பத்தில் ஒரு பெண்மணி வாப்பாவைத் தனியே கூப்பிட்டு, "இவரையா கடையில வச்சிருக்கீங்க?" என்று கேட்டாராம். வாப்பா, "அவர் அளந்த துணி உங்களுக்குக் குறைஞ்சு வந்திச்சா?" என்று கேட்டிருக்கிறார். கடந்த வருடம் அவருக்கு மீண்டும் சுகமில்லாமல் போய் மூன்று வாரம் வார்ட்டில் இருந்தார். திரும்பி வந்தபோது அவருடைய கதிரை அங்கேயே இருந்தது, கொப்பியும் இருந்தது. அவர் என்னிடம் சொன்னவற்றில் நினைவில் நிற்பது அதுதான். வேலை போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் கடைப் படியேறினாராம்.

வாப்பா எந்த ஆய்வும் வாசித்தவர் அல்லர். ஆனால் அவர் செய்ததைத்தான் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பழைய முறை, நோயாளிக்கு முதலில் நீண்ட காலம் பயிற்சி கொடுத்துப் பிறகு வேலை தேடுவது. புதிய முறை, முதலில் உண்மையான ஒரு வேலையில் சேர்த்து, அங்கேயே கூட நின்று பழக்குவது. ஐரோப்பாவின் ஆறு நிலையங்களில் கடும் மனநோயுள்ள 312 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2007 இல் வெளியானது. புதிய முறையில் நூற்றுக்கு 55 பேர் வேலைக்குப் போயிருந்தார்கள். பழைய முறையில் 28 பேர் மட்டுமே. சுகமானால் வேலை தருகிறோம் என்று காத்திருப்பதில் வாழ்க்கையின் நல்ல வருடங்கள் கழிந்துவிடுகின்றன. வேலையும் சுகமாவதற்கான வழிகளில் ஒன்று.

பெண்ணாக இருந்தால்?

அந்த அண்ணனைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இன்னொன்றும் தோன்றுகிறது. அதே நோய் வந்த ஒரு பெண்ணாக இருந்திருந்தால் அவர் எங்கே போயிருப்பார்?

சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தார் 2003 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மனச்சிதைவு வந்து திருமணம் முறிந்த பெண்களைப் பற்றியது. கணவன் கைவிட்ட பிறகு அவர்கள் பெற்றோர் வீட்டுக்கே திரும்பியிருந்தார்கள். தங்களுக்குப் பிறகு மகளை யார் பார்ப்பார் என்பதே வயதான பெற்றோரின் கவலை. நோயாளி என்ற பெயரைவிட, வாழாவெட்டி என்ற பெயரே அந்தக் குடும்பங்களைக் கூடுதலாக வருத்தியது. ஒரே பெண்ணுக்கு இரண்டு தண்டனை.

நமது கரையோரத்தில் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே தமிழரானாலும் முஸ்லிமானாலும் தாய்வழிக் குடி முறை இருக்கிறது. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். சீதனமாகக் கொடுக்கும் வீடு பெண்ணுக்குரியது. உம்மம்மா, உம்மா, சாச்சி எல்லோரும் ஒரே வளவிலோ பக்கத்து வளவிலோ இருப்பார்கள். ஆகவே நோய் வந்தாலும் நம் பெண்ணை யாரும் வீட்டைவிட்டு இலகுவில் அனுப்ப முடியாது. சென்னையில் வாடகைக்கு வீடெடுத்து உண்டாக்க வேண்டியிருந்ததை, நமது மூத்தவர்கள் வழக்கமாகவே நமக்குத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதை ஒரு பெரும் பலமாகவே நான் பார்க்கிறேன்.

ஆனால் சொந்த வீட்டிலேயே பின்அறையில் இருத்தி வைக்கப்படலாம். விருந்தாளி வந்தால் "அவ நித்திர" என்று சொல்லிவிடலாம். தங்கையின் கல்யாணம் குழம்பிவிடும் என்று அஞ்சி, கிளினிக்குக்குக் கூட்டிப்போவதையும் நிறுத்திவிடலாம். பெற்றோரின் அந்த அச்சம் பொய்யானதல்ல. கலியாணம் பேசி வருபவர்கள் விசாரிக்கிறார்கள்தான். ஆனால் மறைப்பதற்காக மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பிவரும் வாய்ப்பு மிகவும் கூடும். அப்போது மறைக்கவும் முடியாது. வீடு நம் பெண்களுக்கு இருக்கிறது. அந்த வீட்டின் முன்விறாந்தையில் அவர்கள் உட்கார இடம் இருக்கிறதா என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

நமது நாட்டில்

இலங்கையில் மனநோய் தொடர்பான சட்டம் 1873 இல் ஆங்கிலேயர் காலத்தில் எழுதப்பட்டது. 1956 இல் அது திருத்தப்பட்டது. நோயாளியை எப்படி அடைத்து வைப்பது என்பதே அதன் முக்கிய அக்கறை. நீண்ட காலமாகச் சிகிச்சை என்றால் கொழும்புக்கு அருகேயுள்ள அங்கொடைதான். அந்த ஊரின் பெயரே ஏச்சாக மாறிவிட்டது. "இவன அங்கொடைக்குத்தான் அனுப்போணும்" என்று நாமும் விளையாட்டாகச் சொல்கிறோம்.

இந்த நிலை மாறியதில் நமது கரையோரத்தின் துயரத்துக்கும் பங்குண்டு. 2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்தபோது இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கடுத்த ஆண்டு, 2005 இல், உளநலச் சேவையைப் பெரிய வைத்தியசாலைகளில் முடக்கி வைக்காமல் மாவட்டங்களுக்கும் ஊர்களுக்கும் கொண்டுபோகும் தேசிய உளநலக் கொள்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. இன்று கிளினிக்குக்காக யாரும் அங்கொடை வரை பயணம் போகத் தேவையில்லை. 2016 இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. மனநோயால் நீண்டகாலம் பாதிக்கப்பட்டவர்களும் அதில் அடங்குவர். சமூகத்தில் மற்றவர்களோடு சமமாக வாழ்வது அவர்களின் உரிமை என்று அதன் 19 ஆவது உறுப்புரை சொல்கிறது.

சுனாமி நடந்தபோது நான் பிறக்கவில்லை. உம்மா சொல்வார், அந்த நாட்களில் யாரும் யாரிடமும் "நித்திர வருதா? சாப்பிட்டயா?" என்று கேட்கக் கூச்சப்படவில்லையாம். ஒரு தாய் நடுச்சாமத்தில் எழும்பிக் கடற்கரைக்கு ஓடினால் பின்னால் நாலு பெண்கள் ஓடிப்போய்க் கூட்டிவருவார்களாம். அவரை விசர் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு காலத்தில் நமக்கு முடிந்த காரியம்தான் இது.

நாம் செய்யக்கூடியவை

மீட்சி பற்றிய 97 ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டிப் பார்த்த ஆங்கிலேய ஆய்வாளர் குழுவொன்று, மீண்டு வந்தவர்களின் அனுபவத்தில் பொதுவாக இருந்த ஐந்து விடயங்களை 2011 இல் எடுத்துக் காட்டியது. மற்றவர்களோடு உறவு, நாளை பற்றிய நம்பிக்கை, நோயாளி என்பதற்கு அப்பால் தனக்கென்று ஓர் அடையாளம், வாழ்வதற்கு ஒரு பொருள், தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை. இந்த ஐந்தில் எதையும் பாமசியில் வாங்க முடியாது. எல்லாம் மனிதர்கள் மனிதர்களுக்குக் கொடுப்பவை.

ஆகவே பெற்றோரிடமும் தோழியரிடமும் சில விடயங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, மருந்து. தேறிவிட்டது என்று நினைத்து வைத்தியரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம். மருந்தால் உடம்பு பருமனாகும், அசதி வரும். அதைச் சொல்லிக் கேலி செய்யவும் வேண்டாம். கேலிக்குப் பயந்து மருந்தை விடுபவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, பயம். மனநோயாளி என்றாலே அடிப்பார், வெட்டுவார் என்ற எண்ணம் தவறானது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. மற்றவர்களின் கையால் தீங்கு படுபவர்களே அவர்களில் அதிகம்.

மூன்றாவது, பராமரிப்பவர்கள். நோயாளியைப் பார்க்கும் உம்மாவோ மனைவியோ வருடக்கணக்கில் ஒரு கல்யாண வீட்டுக்கும் போகாமல் இருப்பார். ஒரு பின்னேரம் நாம் போய் இருந்தால் அவர் ஒரு நடை வெளியே போய் வரலாம்.

நான்காவது, நமது வகுப்பறை. ஒரு மாணவி சில வாரம் வராமல் இருந்து திரும்பி வந்தால், காரணத்தைத் தோண்டாமல் அவளுக்குத் தவறிய குறிப்புகளைக் கொடுப்போம். பழைய இடத்திலேயே அவளை இருக்க விடுவோம். நமக்கே மனம் கனத்து, நித்திரையும் பசியும் இல்லாமல் நாட்கள் போனால், நம்பிக்கையான ஓர் ஆசிரியையிடமோ வீட்டாரிடமோ சொல்லுவோம். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கடைசியாக ஒன்று. விடுமுறை வந்தால் நமது ஊர்களில் கல்யாணங்கள் தொடங்கிவிடும். எந்த வீட்டுக்கு எத்தனை பேர் என்று உம்மாமார் இருந்து கணக்குப் பார்ப்பார்கள். பெயர் எழுதும் வேலை பெரும்பாலும் நம்மைப் போன்ற பிள்ளைகளின் கையில்தான் வரும். அப்படி எழுதும்போது, அந்த வீட்டில் எத்தனை பேர் என்று சரியாக எண்ணுங்கள். பின்அறையில் இருப்பவரையும் சேர்த்து எண்ணுங்கள். அழைப்பு கொடுக்கப் போகும்போது, "அவவையும் கட்டாயம் கூட்டிட்டு வாங்க" என்று அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.